"எங்கை போறியள்?"

மார்கழி மாதத்து விடியற்புறம். கோவில் மணி ஒலித்து ஓய்ந்துவிட்டது. ஆயினும் இருள் இன்னும் விலகவில்லை. தலைக்குக் கம்பளித் தொப்பியும் கையிலே சிறியதொரு ரோர்ச் விளக்குமாக, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கரவெட்டியிலிருந்து நெல்லியடிப் பக்கமாக வீதியோரத்தில் நடந்து செல்கிறார். பின்னாலிருந்து மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று வருகிறது. அதன் வெளிச்சம் தம் நிழலை முன்னே நீட்டுவதைக் கண்டதும் அவர் தார் விளிம்பை விட்டிறங்கி, மழைக்குச் சேறாகிக் கிடக்கும் வாய்க்காலோரத்துப் புல்லிலே காலூன்றி நின்று, வாகனம் கடந்த பின் மறுபடியும் வீதிக்கு ஏறுகிறார். நாற்பது நிமிஷ நடையிலே இவ்வாறு அவர் பதினொரு முறை இறங்கி ஏறினார் என்பதை, அன்று அவருடன் கூட நடந்த நான் எண்ணிக்கொண்டு வந்தேன்.

அவரைத் தடுத்தவை வாகனங்கள் மாத்திரமல்ல. படலை திறந்து முற்றம் கூட்ட வந்தவர்களும், பால் போத்தலைச் சைக்கிளிலே கொழுவிச் சென்றவர்களும், தேநீர்க் கடை வாங்கிலே குந்தியிருந்தவர்களும் ஒரே கேள்வியையே அவரிடம் கேட்டனர்.

"மாஸ்ரர், எங்கை போறியள்?"

"சும்மா நடக்கிறன் தம்பி."

கேட்டவருக்கு இந்த விடை திருப்தி தரவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. போகும் இடம் ஒன்றில்லாமல் ஒரு மனிதர் நடப்பதாவது! அந்தக் கேள்வியிலே வஞ்சகம் ஏதுமில்லை. ஒருவரை ஒருவர் விசாரித்துக் கொள்ளும் ஊரின் அன்பே அதிலிருந்தது. ஆயினும் நடையையே மருந்தாக வைத்தியர் எழுதிக் கொடுக்கும் இக்காலத்தில், அந்த அன்பான கேள்வியே பலரை வீட்டுக்குள் இருத்தி விடுகின்றது. பூங்காவைப் பற்றியும், அதனூடே செல்லும் செம்மையான பாதையைப் பற்றியும் எழுத வந்த நான் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதற்கு அதுவே காரணம்.

பாடசாலைக்கு நடந்தோம், சந்தைக்கு நடந்தோம், தச்சந்தோப்புப் பிள்ளையாரிடமும், யார்க்கரு விநாயகரிடமும், அத்துளு அம்மனிடமும் நடந்தோம், செத்த வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் நடந்தோம். நடத்தற்பொருட்டு நடப்பதென்பது நம் முன்னோர்க்கு வேண்டியிருக்கவில்லை. தோட்டமும் துலாவும் அவர்களுடைய தேகத்துக்கு வேண்டிய உழைப்பையெல்லாம் கொடுத்து, மேலதிகமாகவும் கொடுத்தன. துலாப் போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. சைக்கிள் போய் ஸ்கூட்டி வந்தது. அவற்றோடு சீனி வருத்தமும் பிறசரும் வந்தன.

கோவில் வீதியும் வெறுங்காலும்

மாஸ்ரரின் மனைவிக்கும் சீனி வருத்தம் உண்டு. நாளாந்தம் நடக்க வேண்டுமென்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். கணவரைப் போல வீதியிலே நடக்க முயன்ற அந்த அம்மையார், மூன்றாம் நாளே அந்த முயற்சியைக் கைவிட்டார். ஆண் ஒருவருக்கு ஒருமுறை எழும் கேள்வி பெண்ணுக்கு மும்முறை எழுகின்றது. அதன் பின்னே சில வேளைகளில் ஊகமும் எழுகின்றது. ஆகவே அவர் தமக்கென ஓர் உபாயத்தைக் கண்டார். அதிகாலையில் நீராடிக் கோவிலுக்குப் போய், வெளிவீதியைப் பதினொரு முறை சுற்றுவதே அது.

"கோவில் வீதியைச் சுத்தினா ஒருத்தரும் கேக்க மாட்டினம்" என்று அவர் என்னிடம் சொன்னார்.

எத்துணை நுட்பமான தீர்வு! ஆயினும் அதனுள்ளே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. கோவில் வீதியிலே செருப்பணிந்து நடப்பது வழக்கமன்று. நீரிழிவு உடையவர்களோ பாதத்தின் உணர்ச்சி குன்றுவதால் வெறுங்காலோடு நடக்கலாகாது என்பது வைத்தியர்கள் ஓயாது கூறும் எச்சரிக்கை. சிறியதொரு காயமும் அறியப்படாமலே புரையோடி, விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைக்குக் கொண்டு செல்லக்கூடும். கேள்வியின்றி நடப்பதற்கு ஊரிலே அவருக்கு வாய்த்த ஒரே இடம், அவர் நடக்கக்கூடாத விதத்தில் நடக்க வேண்டிய இடமாக அமைந்திருக்கின்றது. பூங்கா என்பது ஓர் உல்லாசம் என்றும், வசதியுள்ள நகரத்தார்க்கு உரியது என்றும் நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வேறொன்றையும் இங்கே மறைத்தலாகாது. கோவில் வீதிகள் எல்லா ஜனங்களுக்கும் எக்காலத்தும் திறந்திருந்தவை அல்ல. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலிலே, சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட உட்செல்லும் உரிமையைக் கேட்டு நின்றவர்களும் அவர்களைத் தடுத்து நின்றவர்களும் நம்மவர்களே. கல்வி மறுக்கப்பட்ட மக்களுக்காகச் சூரன் என்னும் ஆசிரியர் எழுப்பிய தேவரையாளி இந்துக் கல்லூரி, அந்தப் பழைய அநீதிக்கும் அதை வென்ற உறுதிக்கும் சாட்சியாக எங்கள் அயலிலேயே நிற்கின்றது. இன்னாரின் வளவு, இன்னாரின் திருவிழா, இன்னாரின் உபயம் என்ற பெயர் ஏதும் ஒட்டாத ஒரு பொது நிலத்தில், எவரும் எவருடனும் தோளோடு தோள் நடக்கும் காட்சி எங்கள் ஊர்க்கு இன்னும் புதிதாகவே இருக்கும்.

ஸ்காபரோவிலே ஒரு முற்பகல்

சென்ற வருஷம் புரட்டாசி முடியும் தறுவாயில், ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில் என் தங்கை வீட்டிலே சில வாரம் தங்கியிருந்தேன். ஒரு நாள் முற்பகல் மைத்துனர் என்னை மோர்னிங்சைட் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். பூங்கா என்றதும் பூப்பாத்தியையும் ஊஞ்சலையும் எதிர்பார்த்துச் சென்ற எனக்கு, காடு அடர்ந்த பள்ளத்தாக்கு ஒன்றும், அதன் நடுவே ஹைலண்ட் கிறீக் என்னும் சிற்றாறும், ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும் தார்ப்பாதையுமே காட்சியளித்தன. மேப்பிள் இலைகள் சிவந்து உதிர்ந்து பாதையின் இரு மருங்கும் குவிந்து கிடந்தன. பின்னாலிருந்து மணியோசை ஒன்று கேட்டது, வலப்புறமாக ஒதுங்கினோம், பத்து வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி சைக்கிளிலே எங்களைக் கடந்து சென்றாள். அந்தப் பாதையிலே மோட்டார் வாகனம் எதுவும் வருவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேலாக நடந்தும் ஒரு முறையேனும் புல்லிலே இறங்கி நிற்க நேரவில்லை என்பதை வீடு திரும்பிய பின்னரே உணர்ந்தேன்.

சிறு பாலம் ஒன்றிலே ஜனங்கள் கூடி நின்று குனிந்து பார்த்துக் கொண்டிருந்தனர். நாங்களும் பார்த்தோம். முழங்கால் அளவு நீரிலே, ஒரு முழத்துக்கு மேல் நீளமான சல்மன் மீன்கள், ஒன்ராறியோ ஏரியிலிருந்து முட்டையிடும் பொருட்டு நீரோட்டத்தை எதிர்த்து ஏறி வந்து, கல்லிலே மோதி, வால் அடித்து, மறுபடியும் பாய்ந்து கொண்டிருந்தன. என் அருகே தடித்த மேலங்கியும் சேலையும் அணிந்த மூதாட்டி ஒருவர் நின்றார். பேச்சுக் கொடுத்ததில் அவர் அல்வாய்ப் பக்கத்தவர் என்பது தெரிந்தது. தினந்தோறும் வருவீர்களா என்று கேட்டேன்.

"பனி கொட்டாத நாளெல்லாம் வருவன் தம்பி. ஊரிலை இருக்கேக்கை படலைக்கு வெளியாலை வந்தா, எங்கை போறியள் எண்டு ஒரு கேள்வி. இஞ்சை ஆரும் கேக்கிறேல்லை. ஆனா ஒண்டு, கேக்க ஆளில்லையெண்டும் சில நேரம் மனசு தவிக்கும்."

இரண்டையும் ஒரே மூச்சில் அவர் சொன்னார். அவருடைய சொற்களை நான் பாலத்திலேயே விட்டுவிட்டு வர முடியவில்லை. கேள்வியற்ற பாதையும் வேண்டும்; விசாரிக்கும் முகமும் வேண்டும். இரண்டும் சேரக்கூடிய இடம் ஒன்று இருக்குமாயின், அது அந்நிய தேசத்துப் பள்ளத்தாக்காக அல்ல, நம் ஊரின் குளக்கரையாகவே இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது.

கோடை மாதங்களில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் தங்கள் ஒன்றுகூடல்களை நடத்துவதும் ஸ்காபரோவின் இத்தகைய பூங்காக்களிலேதான். கயிறிழுத்தலும், தேசிக்காய்க் கரண்டி ஓட்டமும், ஒடியற் கூழுமாக அன்றைய பொழுது கழியும். அவ்விடத்திலேயே பாடசாலைக் கட்டடத்துக்கும் கோவில் திருப்பணிக்கும் நிதி சேரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பணத்தினால் ஊரிலே எத்தனையோ நற்காரியங்கள் நடந்திருக்கின்றன. ஆயினும், தாங்கள் நின்று பேசும் அந்தப் புல்வெளியை ஒத்த ஓரிடம் ஊருக்கும் வேண்டும் என்னும் எண்ணம் அந்த மரநிழலிலே எழுமாயின் எவ்வளவு நன்றாயிருக்கும்!

பெட்டிச் செய்தி: ஒரு புயல் விட்டுச் சென்ற நிலம்

> 1954 ஒக்ரோபர் 15ஆந் திகதி இரவு ஹேஸல் என்னும் புயல் ரொறன்ரோ பிரதேசத்தைத் தாக்கியது. ஒன்ராறியோ மாகாணத்தில் 81 பேர் மாண்டனர். ஹம்பர் நதியோரத்து றேமோர் டிரைவ் என்னும் ஒரு தெருவில் மாத்திரம் 35 உயிர்கள் போயின. ஆற்றின் வெள்ளம் பாயும் தாழ்நிலத்தில் வீடு கட்டியதன் விலை அது. அதன் பின்னர் அத்தகைய நிலங்களில் குடியிருப்பு அமைப்பது தடுக்கப்பட்டது; நிலங்கள் பொதுவுடைமையாக்கப்பட்டு, 1957இல் உருவான பாதுகாப்பு அதிகாரசபையின் பொறுப்பில் வந்தன. இன்று நடப்பவரும் சைக்கிள் ஓட்டுபவரும் செல்லும் பள்ளத்தாக்குப் பாதைகள் பல, நீருக்கென்று விட்டுக் கொடுக்கப்பட்ட அந்த நிலத்திலேயே அமைந்தவை.
>
> அதே மாநகரில், மின்கம்பிக் கோபுரங்களின் கீழே வெறும் புல்லாகக் கிடந்த நிலத்தை, சுமார் 16 கிலோமீற்றர் நீளமும் 200 ஹெக்ரெயர் பரப்பும் கொண்ட பசுவெளியாகவும் பாதையாகவும் மாற்றும் 'மெடோவே' திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பெருந்தொகை உதவியது வெஸ்ரன் குடும்பத்தாரின் அறக்கட்டளை.

சைக்கிளை நாம் மறந்த விதம்

சைக்கிள் பாதை என்பதை மேல்நாட்டார் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. 1990இன் நடுப்பகுதியில் போர் மறுபடியும் மூண்டு, மின்சாரம் நின்று, எரிபொருளும் எத்தனையோ பண்டங்களும் தடைப்பட்ட பின்னர், குடாநாடு முழுவதும் சைக்கிளின் மீதே இயங்கியது. விறகும் நெல்மூடையும் நோயாளியும் மணமக்களும் சைக்கிளிலே சென்றனர். இரவிலே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட வீடு எங்களுடையது. ஒருவர் சுற்ற, மற்றவர் காதைப் பெட்டியோடு ஒட்ட வைத்திருப்பார். சுற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து ஜனங்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, வீட்டிலிருந்து மிஞ்சியதையெல்லாம் தாங்கி வந்ததும் சைக்கிளே.

வடமராட்சியார்க்குச் சைக்கிள் என்றவுடன் வல்லை வெளி நினைவுக்கு வராமற் போகாது. சோளகம் வீசும் மாதங்களில் யாழ்ப்பாணம் நோக்கிச் செல்பவருக்கு அந்த வெளியிலே காற்று நேர் முகத்தில் அறையும். எழும்பி நின்று உழக்கினாலும் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பது போல் இருக்கும். மாலையில் திரும்பி வரும்போதோ அதே காற்று முதுகிலே கை வைத்துத் தள்ளிக் கொண்டு வந்து நெல்லியடியிலே விடும். அந்த இன்பத்தை அறிந்த தலைமுறை இன்று அறுபதைத் தாண்டிவிட்டது.

2022இல் எரிபொருள் வரிசைகள் மைல் கணக்கில் நீண்ட வேளையில், கொட்டிலிலே துருப்பிடித்துத் தொங்கிய சைக்கிள்கள் மறுபடியும் இறக்கப்பட்டன. பெற்றோல் வந்ததும் அவை மறுபடியும் தொங்கின. இதற்குச் சோம்பலை மாத்திரம் காரணமாகச் சொல்வது நியாயமன்று. வீதிகள் அகன்று வழவழப்பாயின. வாகனங்களின் வேகம் பெருகியது. ஆனால் சைக்கிளுக்கென ஒரு கோடுதானும் வீதியிலே கீறப்படவில்லை. இன்றும் மாலை வேளைகளில் ரியூசனுக்குச் செல்லும் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, புத்தகப் பையை முதுகிற் சுமந்து அந்த வேகத்தின் ஓரத்திலேயே செல்கின்றனர். பிள்ளை வீடு வந்து சேரும் வரை படலையடியில் நிற்கும் தாய்மாரை நான் நித்தமும் காண்கிறேன்.

ஆரியகுளத்தங்கரை

இவற்றையெல்லாம் மனத்திற் கொண்டு, ஒரு மாலைப் பொழுதில் நெல்லியடியிலிருந்து 750ஆம் இலக்க பஸ்ஸிலேறி யாழ்ப்பாண நகரத்துக்குப் போனேன். நான் பார்க்க விரும்பியது ஆரியகுளத்தை. பல காலம் பாசியும் குப்பையும் மண்டிக் கிடந்த அந்தக் குளத்தை, முதல்வர் வி. மணிவண்ணன் காலத்து யாழ்ப்பாண மாநகர சபை, தியாகி அறக்கொடை நிலையத்தின் நிதியுதவியுடன் புனரமைத்து, 2021 டிசெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தது. குளத்தைச் சுற்றிக் கல் பதித்த நடைபாதையும், விளக்குகளும், அமர்வதற்கு ஆசனங்களும் அமைந்தன.

நான் போன மாலையில், சக்கர நாற்காலியிலே தந்தையை இருத்தித் தள்ளிக்கொண்டு ஓர் இளைஞர் குளத்தைச் சுற்றி வந்தார். நாற்காலியின் சிறு சக்கரம் கல்லின் இணைப்பிலே தட்டும் ஒலி மெல்லக் கேட்டுக் கொண்டிருந்தது. ஓரிடத்தில் அவர் நிறுத்தினார், தந்தை நீரைப் பார்த்துக் கையை நீட்டி ஏதோ சொன்னார், மகன் குனிந்து கேட்டார், மறுபடியும் தள்ளினார். வீதியின் ஓரத்திலோ, பாடசாலை மைதானத்து மணலிலோ, கோவில் வீதியிலோ அந்த நாற்காலி சென்றிருக்க இயலாது. செம்மையாகப் பாவிய பாதை ஒன்றின் முழுப் பிரயோசனத்தையும் அந்தச் சிறு சக்கரம் எனக்குப் பிரத்தியட்சமாகக் காட்டிவிட்டது.

பெட்டிச் செய்தி: டைக் துரையின் நிழல்

> யாழ்ப்பாணம் கச்சேரியை அடுத்துள்ள பழைய பூங்கா, 1829 முதல் 1867இல் இறக்கும் வரை, சிறிது காலம் நீங்கலாக, வடபகுதியின் அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் வாழ்ந்த வளவு. அவர் உண்டாக்கிய மரச்சோலையே பின்னாளில் ஊர்க்கு நிழலாயிற்று. ஒரு பூங்காவின் ஆஸ்தி அதன் மரங்களே.

எங்கள் குளங்கள், எங்கள் ஏரிக்கரை

ஆறில்லாத தேசம் யாழ்ப்பாணம். நிலத்தின் கீழே சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் ஊறி நிற்கும் மழைநீரே எங்கள் கிணற்று நீர். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மாரி மழையைப் பிடித்து நிலத்துக்குள் இறக்குவதற்கென்றே முன்னோர் குடாநாடெங்கும் ஆயிரத்துக்குக் குறையாத குளங்களையும் கேணிகளையும் வைத்தனர். அவற்றுட் பல இன்று குப்பை கொட்டும் பள்ளங்களாயின. சில ஓரம் ஓரமாக நிரப்பப்பட்டு மதிலுக்குள் மறைந்தன. எவரும் நடவாத கரையை எவரும் பார்ப்பதில்லை. எவரும் பாராத குளம் மெல்லச் சுருங்கிப் போகின்றது. காலையிலும் மாலையிலும் நூறு பேர் சுற்றி நடக்கும் குளத்திலே ஒரு வண்டி மண்ணைக் கொட்டுவதற்கு எவர் துணிவார்?

ரொறன்ரோவை ஹேஸல் புயல் தாக்கிய அதே 1954ஆம் வருஷத்திலேதான், நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம், ஆனையிறவு நீரேரியையும் எங்கள் வடமராட்சி நீரேரியையும் உப்பாறு என்னும் நீரேரியையும் நன்னீராக்கும் திட்டத்தை முன்வைத்தார். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று பேசப்படும் அத்திட்டம் முற்றுப்பெறவில்லை. நீரை மதித்து நடக்க வேண்டும் என்று அங்கே அழிவு கற்பித்த பாடத்தை இங்கே ஓர் அறிஞர் அழிவு வருமுன்னரே சொன்னார். கப்பூதுப் பக்கம் சென்று நீரேரியின் விளிம்பிலே நின்று, மாரியில் வந்திறங்கும் பறவைக் கூட்டத்தைப் பார்க்கும் போதெல்லாம், இந்தக் கரையிலே ஒரு நடைபாதையும் சைக்கிள் பாதையும் இருந்தால் எத்தனை பிள்ளைகள் நீரையும் பறவையையும் கண்ணாரக் கண்டு வளர்வார்கள் என்று மனம் ஏங்குகின்றது.

ஆயினும் பாதை போடுகிறோம் என்று சொல்லிக் குளத்தையே கொன்றுவிடவும் கூடும். கரையை உயர்த்திச் சீமெந்துச் சுவர் எழுப்பினால், சுற்றாடலிலிருந்து வரும் வெள்ளம் குளத்துள் இறங்க வழியில்லாமற் போகும். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பாதையின் கீழே மதகு விட வேண்டும். குளத்தின் அடியைப் பாவுதல் கூடவே கூடாது. நிழலில்லாத பாதை பங்குனி சித்திரையில் காலை ஒன்பது மணிக்கே அடுப்புக் கல்லாகிவிடும். ஆகையால் பாதைக்கு முன்னரே மருதும் வேம்பும் புங்கும் நட்டாக வேண்டும். விளக்கு வேண்டும், இல்லையேல் பெண்கள் வரமாட்டார்கள். மலசலகூடம் வேண்டும், இல்லையேல் முதியோர் வரமாட்டார்கள்.

பணம் எங்கே என்ற கேள்வி எழும். ஆரியகுளம் அதற்கு ஒரு விடை. ஆனால் கட்டுவதற்குப் பணம் தருபவர் கிடைப்பது எளிது. கூட்டுவதற்கு ஆள் கிடைப்பதே அரிது. ஒருமுறை ரிபன் வெட்டித் திறந்த எத்தனை சிறுவர் பூங்காக்களிலே ஊஞ்சற் சங்கிலி அறுந்து, புல் இடுப்பளவு வளர்ந்து நிற்பதைக் குடாநாட்டிலே கண்டிருக்கிறோம்! 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரத்தையும் வீதிகளையும் ஜனங்களின் சௌகரியத்தையும் பிரதேச சபைகளின் கடமையாகவே விதித்திருக்கின்றது. 2025 மே 6ஆந் திகதி நடந்த தேர்தலின் மூலம், நீண்ட இடைவெளியின் பின், சபைகளிலே மக்கள் பிரதிநிதிகள் மறுபடியும் அமர்ந்திருக்கின்றனர். வடமராட்சி தெற்கு மேற்குப் பிரதேச சபை ஒரேயொரு குளத்தைத் தெரிந்தெடுத்து, அதன் எல்லையை அளந்து கல் நாட்டி, ஒரு வருஷத்துப் பராமரிப்புச் செலவை முதலிலே ஒதுக்கி வைத்துவிட்டு, அதன் பின்னரே புலம்பெயர்ந்த உறவுகளிடம் கை நீட்டுமாயின், எவரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதை எழுதி முடிக்கும் முன், மாஸ்ரருடன் மறுபடியும் ஒரு விடியற்காலை நடந்தேன். திரும்பும் வழியிலே கோவிலுக்குப் போனோம். அம்மையார் ஈர மணலிலே வெளிவீதியைச் சுற்றிக் கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கூழாங்கல்லாக மடத்துப் படியிலே வைத்திருந்தார். பதினொன்று நிறைந்த பின்னும் நிற்காமல் நடந்தார். ஏன் என்று கேட்டேன்.

"பதினொண்டு பிள்ளையாருக்குத் தம்பி. மிச்சம் டொக்டருக்கு."

பின்னர் வந்து படியிலே அமர்ந்தார். மாஸ்ரர் அவர் காலருகே குனிந்து, பாதத்தைத் தம் முழங்கால் மீது தூக்கி வைத்து, ரோர்ச் வெளிச்சத்திலே உள்ளங்காலைப் பார்த்தார். குதிக்காலுக்குச் சற்று மேலே ஒரு நெருஞ்சி முள் முழுவதுமாய் ஏறியிருந்தது. நகத்தால் அதைப் பிடுங்கி எடுத்து, உள்ளங்கையிலே வைத்து மனைவிக்குக் காட்டினார்.

"எப்ப குத்தினதெண்டே தெரியேல்லை" என்றார் அம்மையார்.